வாவிக்கரை வானுக்கு எந்தத் தூசுறிஞ்சி?

சமையலறையும் கட்டிலும் கழிப்பறையும் பொருத்திய மேல்நாட்டு மோட்டார் வீடுகள் மட்டக்களப்பு வீதிகளில் அரிதாகத்தான் தென்படும். சினிமாக்காரர்களின் கேரவன்களைப் பற்றித் தமிழ்நாட்டுச் செய்திகளில் படித்திருக்கிறோம். கேரள அரசு 2021இல் சுற்றுலாக் கேரவன்களுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. ஆனால் வாகனத்துக்குள் உண்டு, உறங்கி, உடுப்பு மாற்றிப் பயணம் போகும் வழக்கம் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆடியில் கதிர்காமத்துக்குப் புறப்படும் ஹைஏஸ் வானில் ஆட்களோடு பாயும் தலையணையும் அடுப்பும் சோற்றுப் பொதியும் ஏறும். ஆகஸ்டில் மடுவுக்கு, செப்டெம்பரில் ஆயித்தியமலைக்கு, பள்ளி விடுமுறையில் நுவரெலியாவுக்கு என்று ஏறாவூரிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் கிளம்பும் வான்களில் குடும்பங்கள் இரண்டு மூன்று நாள் குடியே இருக்கின்றன. பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்து, பாசிக்குடாவுக்கும் அறுகம்குடாவுக்கும் பயணிகளை ஏற்றிப்போகும் வான்களும் இருக்கின்றன. எங்களுடைய மோட்டார் வீடு இதுதான்.

இந்த வண்டிகளின் உட்புறத்தைச் சுத்தமாக வைத்திருக்க எந்தச் சிறிய வக்கியூம் கிளீனர் பொருந்தும்? சாரதிகளைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சிகரெட் லைட்டரில் செருகும் 12 வோல்ற் சாமான் போதும் என்பார் ஒருவர். இன்வேட்டர் பூட்டி வீட்டு மெஷினையே ஓட்டலாம் என்பார் மற்றவர். பற்றரி மெஷின்தான் நல்லது என்பவர்கள் உண்டு. தும்புத்தடி இருக்க மெஷின் எதற்கு என்பவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இந்த ஊர் மண்ணை வைத்துத்தான் அளக்கவேண்டும்.

எனவே மண்ணிலிருந்தே தொடங்குவோம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் வண்டிக்குள் ஏறுவது பெரும்பாலும் கடல் மணல். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ குளித்துவிட்டு ஓடிவரும் பிள்ளைகளின் ஈரப் பாதங்களில் ஒட்டி வரும். வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் நிலைமை வேறு. கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கத்துக் கிறவல் வீதிகளில் முன்னால் ஓர் உழவு இயந்திரம் போனால் போதும், கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் செம்புழுதி எப்படியோ உள்ளே புகுந்து சீற்றில் படிந்துவிடும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடக்கக் காத்துநின்ற காலம் போய்விட்டது. இரு கரைக்கும் வாகனங்கள் நினைத்த நேரம் போய்வருகின்றன. ஒரே வானில் ஒரே நாளில் இரண்டு வகை மண்ணும் சேர்கிறது.

இந்த இரண்டும் தூசுறிஞ்சியிடம் எதிரெதிரான வேலையைக் கேட்கின்றன. மணல் பருமன், பாரமும்கூட. அதைத் தரையிலிருந்து கிளப்ப வேகமான காற்றோட்டம் வேண்டும். கிளப்பிவிட்டாலோ தன் பாரத்தாலேயே டப்பாவின் அடியில் விழுந்துவிடும், பில்டரை அதிகம் தொந்தரவு செய்யாது. செம்புழுதி அப்படியல்ல. சின்ன மோட்டாருக்கே எழும்பி வரும். வந்ததும் பில்டரின் இழைகளுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும், சிறிது நேரத்தில் மெஷின் சத்தம்தான் போடும், இழுக்காது. கல்லடியில் ஒருவர் புகழும் மெஷினை வவுணதீவில் ஒருவர் திட்டுவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவதாக ஒரு பகையாளி இருக்கிறது: உப்பு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். வாவிக்கரையில் இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதன் அந்த அளவைத் தாண்டுவது வழமை. பகலில் காய்ந்ததென்று உறிஞ்சி டப்பாவில் விட்டுவைத்த கடல் மணல் இரவில் கசிந்து, பில்டரில் பசைபோல் ஒட்டி, மோட்டாரின் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பை ஏற்றும். ஆகவே கடற்கரை வண்டிக்கு வாங்கும் தூசுறிஞ்சியில் முதலில் பார்க்கவேண்டியது பலத்தை அல்ல, டப்பாவையும் பில்டரையும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க முடியுமா என்பதை. கழுவ முடியாத காகிதப் பில்டர் உள்ளவற்றை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

தும்புத்தடிக்காரர்களுக்கும் உரிய இடத்தைக் கொடுக்கவேண்டும். இறப்பர் விரிப்புப் போட்ட வெறும் தரை என்றால் விரிப்பை வெளியே எடுத்து உதறி, தரையைக் கூட்டிவிட்டால் முக்கால்வாசி மணல் போய்விடும். எந்த மெஷின் வாங்கினாலும் இந்த வேலையை விடக்கூடாது. கையால் உதறக்கூடிய மணலை மோட்டாருக்குள் அனுப்புவது மோட்டாரின் ஆயுளைக் குறைப்பதாகும். கடற்கரை மணலில் நிறைந்திருக்கும் படிகக்கல் துணிக்கைகள் மோஸ் கடினத்தன்மை அளவில் 7ஆம் இடத்தில் உள்ளவை, பிளாஸ்ரிக்கைச் சுரண்டித் தேய்த்துவிடும். ஆனால் குஷன் மடிப்பிலும் கார்பெற் இழையிலும் சீற் சறுக்கும் தண்டவாளத்திலும் தும்புத்தடி ஒன்றும் செய்யாது. அங்கே தள்ளப்படும் மணல் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும்.

சேர்விஸுக்கு விட்டு உள்ளேயும் தண்ணீர் அடித்துவிடும் பழக்கத்தைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. விரிப்புக்கு அடியில் இறங்கிய தண்ணீர் வெயிலில் நிறுத்தினாலும் முழுதாகக் காயாது. மேலே மணமாகத் தெரியும் வானின் அடித்தகடு உள்ளுக்குள் கறல் பிடித்துக்கொண்டிருக்கும். கறல் பிடித்த வானுக்கு மாற்றாக இன்னொன்று வாங்குவதும் இலகுவல்ல: இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. தொண்ணூறுகளில் வந்த டொல்பின் வான்கள் இன்றும் எங்கள் வீதிகளில் ஓடுகின்றன. அந்தத் தகட்டைக் காப்பாற்றுவது ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காப்பாற்றுவது.

இனிக் கடைக்குள் போவோம். பெட்டியின்மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் வாற் எண், மோட்டார் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதைச் சொல்லும், எவ்வளவு தூசு எடுக்கும் என்பதை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டெம்பரில் தூசுறிஞ்சி மோட்டார்களுக்கு 1600 வாற் என்று மேலெல்லை விதித்து, 2017 செப்டெம்பரில் அதை 900 ஆகக் குறைத்தது. அதற்குப் பிறகும் அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. அடுத்தது பாஸ்கல் எண். மூக்குக் குழலை முழுதாக அடைத்துவைத்து அளந்தால்தான் இந்த எண் உச்சத்துக்குப் போகும். அடைத்த குழாயில் காற்று ஓடாது, காற்று ஓடாவிட்டால் ஒரு மணல்கூட எழும்பாது. இழுவை, காற்றோட்டம் இரண்டையும் பெருக்கிச் சொல்லும் ‘ஏர் வாற்’ என்ற அளவே ஓரளவு நம்பத்தக்கது. அதை எல்லாக் கம்பெனிகளும் அச்சிடுவதில்லை. அதுவும் பில்டர் புதிதாக இருக்கும்போது அளந்ததாகவே இருக்கும். வெறும் டப்பாவோடு சோதித்த அளவுகளை வைத்து மின்சக்திச் சீட்டு ஒட்டுவது நியாயமல்ல என்று டைசன் நிறுவனம் வழக்காடியது. 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் அந்தச் சீட்டுக்கான ஒழுங்குவிதியையே இரத்துச் செய்தது. டப்பா பாதி நிறைந்த பிறகு எப்படி இழுக்கிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதில்தான் உண்மையான தெரிவு இருக்கிறது. 1901இல் லண்டனில் ஹியூபேர்ட் செசில் பூத் உருவாக்கிய முதல் பெரிய வக்கியூம் இயந்திரம் ஒரு வண்டியின்மேல்தான் இருந்தது. குதிரைகள் இழுத்துவந்து தெருவில் நிறுத்த, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியே வீட்டுக்குள் விட்டுச் சுத்தம் செய்தார்கள். அன்றைக்கு வண்டி வீட்டைச் சுத்தம் செய்தது. இன்று வண்டியையே சுத்தம் செய்யவேண்டும், அதற்கான சக்தியையும் வண்டிதான் தரவேண்டும்.

லைட்டரில் செருகும் 12 வோல்ற் மெஷின் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். அதன் குறை மோட்டாரில் மட்டுமல்ல, வயரிலும் இருக்கிறது. பெரும்பாலான வான்களில் அந்தச் சொக்கற்றின் பியூஸ் 10 அல்லது 15 அம்பியர். ஆகவே 120 முதல் 180 வாற்றுக்கு மேல் எடுக்க வழியில்லை. கதவிலிருந்து பின்சீற் வரை எட்டவேண்டுமென்று நீட்டிவிடும் மெல்லிய வயர் அதிலும் பங்கு கேட்கும். 0.75 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி கொண்ட 4 மீற்றர் வயரில் 10 அம்பியர் ஓடினால் போக வர 1.9 வோல்ற் வரை வழியிலேயே தொலையும். மோட்டாருக்கு 10 வோல்ற் சொச்சம்தான் போய்ச்சேரும், அதன் வேலைத்திறன் மூன்றில் ஒரு பங்களவு குறைந்துவிடும். பழைய வான்களில் சொக்கற்றின் உள்முனைகளே களிம்பேறியிருக்கும், இழப்பு இன்னும் கூடும். கச்சான் கோதும் முறுக்குத் துகளும் எடுக்க இது போதும், ஈரம் பட்டுக் காய்ந்த மணலுக்குப் போதாது. இன்னொன்று: பெரிய மினி பஸ்களில் பல 24 வோல்ற்றில் ஓடுபவை. 12 வோல்ற் மெஷினை அங்கே செருகினால் கருகிப்போகும். பஸ்ஸும் வானும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதைச் சாரதிக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

இன்வேட்டர் வழி கேட்க நன்றாக இருக்கும், கணக்குப் பார்த்தால் பாரமாகத் தெரியும். 1000 வாற் வீட்டு மெஷினை ஓட்ட 12 வோல்ற் பற்றரியிலிருந்து 90 அம்பியருக்கு மேல் இழுக்கவேண்டும். அதற்குக் கைவிரல் பருமன் கேபிளும், மோட்டார் கிளம்பும்போது வரும் திடீர் இழுப்பைத் தாங்கும் பெரிய இன்வேட்டரும் தேவை. வண்டி ஸ்டார்ட் எடுக்கும் பற்றரியை இப்படி அடிக்கடி வறட்டினால் அது சீக்கிரம் செத்துப்போகும். கூரையில் சோலார் தகடும் தனிப் பற்றரியும் ஏற்கெனவே பூட்டியிருப்பவர்களுக்கு இது ஆகும். தூசுறிஞ்சிக்காகவே இன்வேட்டர் பூட்டுவது வீண் செலவு.

மிச்சம் இருப்பது வயரில்லாத பற்றரி மெஷின். 1979இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் விற்பனைக்கு விட்ட டஸ்ட்பஸ்டர் இந்த வகையை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அப்போலோ விண்பயணத்துக்காகக் கம்பியில்லாத் துளைகருவி செய்த அனுபவம் அந்த நிறுவனத்துக்கு இருந்தது. இப்போது வருபவை லிதியம் பற்றரியில் ஓடுகின்றன. 21.6 வோல்ற், 2.5 அம்பியர் மணி என்று போட்டிருந்தால் அதற்குள் 54 வாற் மணி சக்தி இருக்கிறது. 150 வாற் வேகத்தில் இருபது நிமிடம் ஓடும், 350 வாற் உச்சத்தில் ஒன்பது நிமிடம்தான். விளம்பரத்தில் சொல்லும் நிமிடக் கணக்கு எப்போதும் குறைந்த வேகத்துக்கு உரியது. ஆனாலும் ஹைஏஸின் உட்தரை பெரிதல்ல. விரிப்பை முன்பே உதறியிருந்தால் ஒன்பது நிமிடத்தில் குஷனும் மூலைமுடுக்கும் முடிந்துவிடும். சார்ஜ் போட யூஎஸ்பி சிறுமுனை மட்டும் உள்ளதா, வேகமான சார்ஜர் உள்ளதா என்று பாருங்கள். 10 வாற் யூஎஸ்பியில் இந்தப் பற்றரி நிறைய ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். வான் ஓடும்போது லைட்டர் சொக்கற்றிலிருந்து சார்ஜ் ஏறும் என்றால் கதிர்காமத்தில் மடத்து பிளக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களை மறக்காதவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த வகைக்கு எங்கள் ஊரில் இருக்கும் பெரிய ஆபத்து வெக்கை. லிதியம் பற்றரியை 45 பாகை செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது என்பது பொதுவான வரம்பு. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் கண்ணாடி மூடி வெயிலில் நிறுத்திய வானுக்குள் வெக்கை அதைத் தாண்டுவது பெரிய காரியமல்ல. அந்தச் சூட்டில் நாள்முழுக்கக் கிடக்கும் பற்றரியின் கொள்ளளவு மாதத்துக்கு மாதம் தேயும். ஹைஏஸில் இன்னொரு சங்கதி உண்டு. அதன் எஞ்சின் முன்சீற்றுகளுக்கு அடியில் இருக்கிறது. சாமான் வைக்க வசதி என்று அந்தச் சீற்றின் கீழேயோ எஞ்சின் மூடியின் பக்கத்திலோ தூசுறிஞ்சியைச் செருகிவைத்தால், மொனராகலை ஏற்றத்தில் ஏறும் சூடு முழுவதையும் பற்றரிதான் வாங்கும். பின்கதவுப் பக்கம், தரையோடு, வெயில் படாத இடம் பாருங்கள். இதனால்தான் பற்றரி தனியாகக் கழன்றுவரும் மொடலையே வாங்கச் சொல்கிறேன். மெஷின் வானில் கிடக்கட்டும், பற்றரி கைப்பையில் வீட்டுக்குப் போகட்டும். பற்றரி செத்தால் மெஷினையும் எறியவேண்டிய நிலையும் வராது.

தச்சு வேலை, கராஜ் வேலை செய்யும் குடும்பங்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. மகிற்றா, பொஷ் போன்ற நிறுவனங்கள் துளைகருவிக்குப் போடும் 18 வோல்ற் பற்றரியிலேயே ஓடும் கைத் தூசுறிஞ்சிகளையும் செய்கின்றன. பற்றரியும் சார்ஜரும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வெறும் மெஷினை மட்டும் வாங்கினால் போதும். பார்வைக்கு அழகு குறைவு, தலைகள் அதிகம் வராது, ஆனால் வேலைத்தளத் தூசுக்கென்று செய்தவை என்பதால் மணலுக்குச் சளைக்காது.

மூன்று நான்கு வான் வைத்து வாடகைக்கு விடுபவர்கள் கைமெஷினோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஈரமும் உலர்வும் இரண்டையும் எடுக்கும் 10 முதல் 15 லீற்றர் பீப்பாய் மெஷின் ஒன்றை வீட்டு முற்றத்தில், 230 வோல்ற்றில் வைத்து ஓட்டலாம். ஒக்டோபரில் மாரி தொடங்கிய பிறகு சேறும் தண்ணீருமாக வரும் தரைக்கு இதைவிட்டால் வேறு கதியில்லை. சாதாரணக் கைமெஷினில் ஈர மணலை இழுத்தால் அன்றே பழுது. தானாக ஓடும் வட்டமான ரோபோ மெஷின்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: சீற் கால்கள் நிறைந்த தரையில் அவற்றுக்குத் திரும்பவும் இடமிராது.

பில்டரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கோயிலுக்குப் போய்வந்த வானில் மணலைவிடப் பெரிய தொல்லை திருநீறு. பொட்டலம் பிரிந்து சீற்றில் கொட்டியிருக்கும். குஷனைத் தட்டினால் வெண்புகையாக எழும்பும். கைமெஷினால் அதை எடுத்துவிட்டு டப்பாவைத் திறந்தால் அடியில் ஒன்றும் பெரிதாக இராது, அத்தனையும் பில்டரின் மடிப்புகளில் மாப்போல் அப்பிக்கொண்டிருக்கும். காற்றைச் சுழற்றித் தூசைப் பிரிக்கும் சைக்குளோன் அமைப்பு உள்ளவற்றில் இந்த அடைப்பு மெதுவாகத்தான் வரும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஹெப்பா பில்டர் 0.3 மைக்கிரோன் அளவுத் துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிக்கும் என்பது அமெரிக்க வரையறை. பில்டர் எவ்வளவு நல்லதென்றாலும் டப்பாவின் மூட்டு வழியே காற்றுக் கசிந்தால் பயனில்லை. வீட்டில் முட்டு வருத்தக்காரர் இருந்தால், வானுக்குள் படுக்கும் மெத்தைக்கு ஹெப்பா தேவைதான். மெத்தையை வெயிலில் போட்டு எடுப்பது அதைவிடவும் தேவை.

தலைகளில் மெல்லிய நீள மூக்குக் குழலும் மயிர் வைத்த சிறு பிரஷும் இருந்தால் போதும். மூக்குக் குழலின் அருமை வழுக்குக் கதவில் தெரியும். படிக்குப் பக்கத்தில் கதவு ஓடும் கீழ்த் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தால் மணலும் நெல்லுமியும் மிட்டாய்த் தாளும் கிடக்கும். அதன்மேல் உருளை ஓடி ஓடித்தான் கதவு இறுகுகிறது, பிறகு ஆள் பலம்கொண்டு அறைந்து சாத்தவேண்டி வருகிறது. கிறீஸ் படாத பகுதியை உறிஞ்சி, கிறீஸோடு குழைந்ததைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கிறீஸ் குழாய்க்குள் போனால் தூசெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

உயிரோடு சம்பந்தப்பட்ட இரண்டு விசயங்கள் உண்டு. நுளம்புச் சுருள் சாம்பல், ஊதுபத்திக் கட்டை, சாம்பிராணித் தணல் இவை அணைந்ததுபோல் இருக்கும். உறிஞ்சும் காற்றுப் பட்டால் டப்பாவுக்குள் மறுபடி கனன்று தூசில் பற்றும். தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த பிறகே எடுக்கவேண்டும். வானுக்குள் காஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள், காஸ் மணக்கும்போது எந்த மெஷினையும் போடக்கூடாது. கரித்துண்டு பிரஷ் உள்ள மோட்டாரில் பொறி பறப்பது இயல்பு.

என் முடிவு இது. ஒரு வான் வைத்திருக்கும் குடும்பமோ சாரதியோ, பற்றரி கழன்றுவரும், சைக்குளோன் உள்ள, டப்பாவும் பில்டரும் கழுவக்கூடிய கைமெஷினை வாங்கலாம். காசு போதாவிட்டால் மலிவான 12 வோல்ற் மெஷினில் விடாமல், ஒரு நல்ல தும்புத்தடியும் தடித்த இறப்பர் விரிப்பும் வாங்கிவிட்டுச் சேர்த்துவைப்பதே மேல். மாற்றுப் பில்டரும் மாற்றுப் பற்றரியும் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கிடைக்கும் மொடல்தானா என்று பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள், கொழும்பிலிருந்து எடுத்துத்தருகிறோம் என்ற பேச்சை நம்பவேண்டாம். கடைக்குப் போகும்போது காய்ந்த கடல் மணல் ஒரு பிடியும் கிறவல் புழுதி ஒரு பிடியும் பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள். ஒரு கார்பெற் துண்டில் கொட்டி, டப்பா பாதி நிறையும் வரை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.